ஏதோ ஏழெட்டு எருமை

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை கலீலுர் றஹ்மானின் வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. அதைக் கோபம் என்று சொல்லிவிட முடியாது. கோபம் என்றால் அந்த வீட்டுக் குசினியில் சத்தம் கேட்கும். அன்று சட்டிகளைக்கூட மெதுவாகத்தான் இறக்கி வைத்தார்கள்.

எல்லாம் அந்த நாற்பத்தோராம் பக்கம் செய்த வேலை. போன வாரம் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். புதிதாக இதழைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கிண்ணியாவுக்குத் தெற்கே இருக்கும் வீரையடி வெளி என்ற மேய்ச்சல் தரையில் பெரியதொரு சூரிய மின் பூங்கா வரப்போகிறது. வெளியை யார் யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதியவள் கலீலின் ஒரே மகள் றிஷானா. மின் பூங்காக் கம்பெனி அவளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவள் எழுதிக் கொடுத்தவற்றையெல்லாம் கூட்டி அறிக்கையாக அச்சடித்துவிட்டார்கள். அதன் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: 'வெளியில் மேயும் எருமைகள், மொத்தம் 112.'

நூற்றுப் பன்னிரண்டு! பத்தொன்பது வீட்டாரின் பட்டிகள் அங்கே மேய்கின்றன. காலையில் எல்லாப் பட்டியும் ஒன்றாகக் குளத்தில் இறங்கினால் தண்ணீர் தெரியாது, கொம்புதான் தெரியும்.

பிறகு எப்படி அந்தத் தொகை வந்தது? கண்ணூறு, அதாவது கண்பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். எருமைக்காரரிடம் தொகை கேட்டால் இந்தப் பக்கத்தில் ஒரே பதில்தான், "ஏதோ ஏழெட்டு." இரண்டு நின்றாலும் ஏழெட்டு, இருநூறு நின்றாலும் ஏழெட்டு. கொஞ்சம் கூடப் பயந்தவர்கள் "ஏதோ நாலஞ்சு" என்பார்கள். கேட்பவருக்கும் விசயம் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கொழும்பில் இருந்து கூட்டிப் பார்த்த கணினிக்கு மட்டும் அது தெரியவில்லை.

றிஷானா எழுதப் போன முதல் வீடு அவளுடைய சொந்த வீடு. வாப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் "ஏதோ ஏழெட்டு" என்றார். அவளும் 8 என்று எழுதினாள். சொன்னதைச் சொன்னபடி எழுது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அது ஒரு சாட்டு. உண்மையில் அதற்கு மேல் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பட்டம் பெற்ற பிள்ளைதான், ஆனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை.

அந்தத் தொகையை வைத்துக்கொண்டு வெளி முழுக்க வேலி போட வரைபடம் கீறிவிட்டார்கள். எருமைகளுக்குத் தென் மூலையில் ஒரு துண்டு. குளத்துக்குப் போகும் பாதை வேலிக்கு உள்ளே. இன்று பதினொரு மணிக்குப் பிரதேச செயலகத்தில் கடைசிக் கூட்டம். அதற்குப் பிறகு எந்த ஆட்சேபமும் எடுக்க மாட்டார்கள்.

*

வீட்டுக்குப் பின்னால் கலீலின் மனைவி ஸல்ஹாவின் தயிர்க் கொட்டில். பெயர்தான் கொட்டில், சீமெந்துக் கட்டடம். கூரையில் பதினாலு சோலர் பனல் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் மின்சாரம் போன அந்த வருடத்தில், நோன்பு மாதத்தில், ஸல்ஹாவின் பால் அத்தனையும் குளிரில்லாமல் கெட்டுப் போனது. ஒரு நாள் இல்லை, ஆறு நாள். ஏழாம் நாள் அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பனல் போடுகிறவனைக் கூப்பிட்டாள். அப்போது நாளுக்கு இருபது சட்டித் தயிர் போட்டவள், இப்போது எண்பது போடுகிறாள். நாலு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். வெயில் என்ன செய்யும் என்று யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

கலீல் கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"மகள் வெளிக்கிட்டுட்டாளா?"

"உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள். இஞ்ச பாருங்க, இண்டைக்காவது எழும்பித் தொகையச் சொல்லுவீங்களா?"

"சோலர் வரட்டும் எண்டு சொன்னது நீதானே?"

"ஓம், சொன்னனான். இப்பவும் சொல்றன். அது வந்தா ஊருக்கு நல்லம். ஆனா எருமைக்குத் தண்ணி இல்லாமப் போனா என்ட கொட்டில்ல பனல் மட்டும் இரிக்கும், பால் இரிக்காது. வெயிலக் கறந்து தயிர் போட ஏலுமா?"

கலீல் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

"ஸல்ஹா, உனக்கு மறந்து போச்சா? அந்த அரசாங்கக் கந்தோர்க்காரன் வந்து பட்டியில நிண்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விரலால காட்டிக் காட்டி எண்ணினான். எண்ணின மாசமே வெள்ளம். முப்பத்தி ஒரு உருப்படி போச்சு."

"வெள்ளம் எங்கட பட்டியத் தேடியா வந்தது? கிண்ணியா முழுக்க வந்தது. எண்ணாத ஆக்கள்ட மாடு நீந்திக் கரைக்குப் போச்சா?"

"நீ சொல்லுவாய். தண்ணியில மிதந்ததக் கண்டது நான்."

அதைச் சொன்னபோது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஸல்ஹா கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கிட்ட வந்தாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

"சரி. நானும் வாறன் கூட்டத்துக்கு. மாஷா அல்லாஹ் எண்டு முன்னுக்குச் சொல்லிப்போட்டுச் சொன்னா ஒண்டும் வராது. அல்லாஹ் தந்தத அல்லாஹ்ட பேரால சொல்றதுக்கு என்ன பயம்?"

கலீல் தலையை ஆட்டினார். ஓம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்பது ஸல்ஹாவுக்கே விளங்கவில்லை.

*

மூவரும் ஆட்டோவில் போனார்கள். றிஷானாவின் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"வாப்பா, நான் இண்டைக்கு எழும்பி, நான் எழுதினது பிழை எண்டு சொல்லப் போறன்."

"சொன்னா உங்கட வேலை?"

"போகும். பிழையான தொகைக்குக் கையெழுத்து வச்சது நான்தானே."

"அப்ப ஏன் சொல்லணும்? சும்மா இரிங்களன் மகள்."

"சும்மா இருந்தா வேலி வரும்."

கலீல் வெளியே பார்த்தார். மகளுக்கு இந்த வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கத் தயிர் கொடுத்தவர் அவர். பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு வெளிவேலை என்று கேட்ட தம்பியோடு நாலு மாதம் பேசாமல் இருந்தவரும் அவர்தான். இப்போது அந்த வேலை போகப் போகிறது, அதுவும் தன் வாயில் வந்த ஒரு பதிலால். ஆட்டோ செயலக வாசலில் நின்றதும் அவர்தான் முதலில் இறங்கினார்.

*

மண்டபத்தில் இடமில்லை. பத்தொன்பது பட்டிக்காரரும் வந்திருந்தார்கள். முன்னுக்கு மேசையில் உதவிப் பிரதேச செயலாளர் பரீனா. அவருக்குப் பக்கத்தில் கால்நடை வைத்தியர் இன்பமலர். மறுபக்கம் கம்பெனியின் கணக்கெடுப்புக் குழுவுக்குத் தலைவரான ஜெயந்தன், அதாவது றிஷானாவின் மேலதிகாரி.

ஜெயந்தனை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பிள்ளை. திரையில் படம் காட்டி, பொறுமையாகச் சொன்னான்.

"ஐம்பது மெகாவாட். நாற்பதாயிரம் வீட்டுக்குக் கரண்ட் குடுக்கக் காணும். இதுக்கு நிலக்கரி எரிக்கத் தேவையில்லை, டீசல் எரிக்கத் தேவையில்லை, புகை இல்லை. கரண்ட் ஒழுங்கா இருந்தா ஐஸ் போடுற இடம், அரிசி ஆலை, தையல் கடை எல்லாம் வளரும். அதுகள் வளர்ந்தா ஊர் வளரும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஸல்ஹாகூட இரண்டு தரம் தலையாட்டினாள்.

அடுத்த படத்தில் அவன் வாசித்தான்: "வெளியில் தற்போது குறிப்பிடத்தக்க பொருளாதார நடவடிக்கை எதுவும் இல்லை."

ஸல்ஹா எழும்பிவிட்டாள்.

"தம்பி, குறிப்பிடத்தக்க எண்டா எவ்வளவு?"

"என்னம்மா?"

"நான் நாளுக்கு எண்பது சட்டித் தயிர் அனுப்புறன். கண்டிக்குப் போகுது, கொழும்புக்குப் போகுது. நாலு பொம்பிளையள் என்னட்ட வேலை. அந்தப் பால் அந்த வெளியில மேயுற எருமைட பால். இது நடவடிக்கை இல்லையா, இல்லாட்டி நான் நித்திரையில செய்யிறனா?"

மண்டபம் சிரித்தது. ஜெயந்தனும் சிரித்தான், ஆனால் விடவில்லை.

"அம்மா, நூற்றுப் பன்னிரண்டு எருமையில எண்பது சட்டி நீங்கள் ஒராளே போட்டா, மற்ற ஆக்கள் என்ன செய்யினம்? எங்களுக்கும் அது விளங்கேல்ல. ஆனா உங்கட ஊர் சொன்ன தொகை அதுதான். வெளியில ஐந்நூறுக்கு மேல நிண்டா குளத்துப் பாதையை மூட ஏலாது, அது எங்கட விதியிலயே இருக்கு. பனலை வடக்க உப்புத் தரைக்குத் தள்ளலாம். அங்க புல்லும் முளைக்காது, ஆருக்கும் நட்டம் இல்லை. ஆனா தொகை இல்லாம நான் எப்படித் தள்ளுறது?"

"பனலுக்குக் கீழ மேயவிட ஏலாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மஹ்ரூப் திரும்பினார். வெளியில் கலீலுக்கு அடுத்த பட்டி அவருடையது. "எருமை அதில முதுகு சொறிஞ்சா நாற்பதாயிரம் வீடும் இருட்டுத்தான்."

பரீனா மேசையில் பேனாவால் தட்டினார். அவரும் மூதூர்ப் பெண், விசயம் விளங்காதவர் இல்லை.

"தொகை பிழை எண்டா இப்ப சரியாச் சொல்லுங்க. பேர், தொகை, கையெழுத்து. இந்தக் கூட்டம் முடிஞ்சா நானும் ஒண்டும் செய்ய ஏலாது. முதல்ல ஆர்?"

பத்தொன்பது பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"மஹ்ரூப் நானா?" என்று அண்ணன் முறை வைத்து அவரைக் கூப்பிட்டார்.

"எழுதினதுக்குக் கொஞ்சம் கூட இரிக்கும்."

"கொஞ்சம் எண்டா?"

"அல்லாஹ் தந்ததுதானே."

"நானா, அப்படி எழுத இந்தத் தாள்ல இடமில்ல."

யாரோ இருமினார்கள். யாரோ கதிரையை நகர்த்தினார்கள். தண்ணீர்ப் பாதை போகப் போகிறது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

அப்போதுதான் றிஷானா எழும்பினாள்.

"மேடம், முதல் பிழை என்ட. நான் எழுதின முதல் வீடு எங்கட வீடு. எட்டு எண்டு எழுதினன். அது சரியில்ல எண்டு எழுதேக்கயே எனக்குத் தெரியும். மற்ற வீடுகளிலயும் தெரிஞ்சுகொண்டுதான் எழுதினன். அறிக்கையில இருக்கிற என்ட கையெழுத்தை நான் திருப்பி எடுக்கிறன்."

ஜெயந்தன் நிமிர்ந்தான். "றிஷானா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இதை நான் எழுத்தில போடவேண்டி வரும்."

"போடுங்க சேர்."

"அப்ப உங்கட வீட்டுச் சரியான தொகை என்ன?"

"எனக்குத் தெரியாது. ஒருநாளும் சொன்னதில்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. றிஷானா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அந்த அட்டையைத்தான் கலீல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"மாஷா அல்லாஹ்," என்றார். நிறுத்தினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. "மாஷா அல்லாஹ்... நூற்றி நாற்பத்தாறு."

"எத்தினை?" என்று கேட்டது பரீனா இல்லை, ஸல்ஹா. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும், தொண்ணூறு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். கணவனை அவள் பார்த்த பார்வையை இந்த அத்தியாயத்தில் எழுத இடமில்லை.

"கன்றையும் சேத்துத்தான்," என்றார் கலீல் அவசரமாக.

அதற்குப் பிறகு மஹ்ரூப் எழும்பினார். மாஷா அல்லாஹ், நூற்றிப் பன்னிரண்டு. அதாவது அறிக்கை முழு வெளிக்கும் சொன்ன தொகை அவர் ஒருவருடைய பட்டியிலேயே நின்றது! பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். ஒருவர் பரீனாவின் காதுக்குள்தான் சொல்வேன் என்று நின்றார், அதற்கும் இடம் கொடுத்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் தாள் நிரம்பியது. ஜெயந்தன் தன் தொலைபேசியில் கூட்டிப் பார்த்து, நம்பாமல் திரும்பவும் கூட்டினான்.

"ஆயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டு."

"வேலி?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"குளத்துப் பாதை திறந்திருக்கும் அம்மா. வரைபடம் திரும்பக் கீறவேணும்." அவன் றிஷானாவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான், "ஆனா கம்பெனிக்கு நான் காரணம் எழுதவேணும். உங்கட வேலையைப் பற்றி இப்ப என்னால ஒண்டும் சொல்ல ஏலாது."

"விளங்குது சேர்."

கலீலுக்கு அந்த நேரத்தில் சந்தோசமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகளின் தலையில் கை வைத்தார். மண்டபத்தில் இத்தனை பேர் முன்னால் அவர் அப்படிச் செய்கிறவரே இல்லை.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.

பட்டியில் நிற்கும் றம்ஸான். எருமைகளோடு வெளியிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறவன். மூச்சு வாங்கக் கதைத்தான்.

"நானா, மூண்டு உருப்படி காலையில இருந்து எழும்புதில்ல. வாயால வீணி ஊத்துது. நாக்கில கொப்புளம். மஹ்ரூப் நானாட பட்டியிலயும் ஒண்டு நொண்டுது."

கலீல் தொலைபேசியை இறக்கினார். சொல்லி இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. ஸல்ஹாவைப் பார்த்தார். அவளுக்கும் பயம் வந்துவிட்டது, அதை மறைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் றிஷானா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "காலையில இருந்து எண்டுதானே றம்ஸான் நானா சொன்னார், வாப்பா? நீங்க சொன்னது இப்ப."

கலீல் நேரே மேசைக்குப் போய் வைத்தியர் இன்பமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கொப்புளம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முன்னால் விரித்திருந்த கோப்பை மூடினார்.

"கால்-வாய் நோய் போலத்தான் இருக்கு, காலிலயும் வாயிலயும் கொப்புளம் போடுறது. பாத்துத்தான் சொல்லலாம். காய்ச்சல் வராத உருப்படி எல்லாத்துக்கும் உடனே தடுப்பூசி போடவேணும், ஒண்டும் விடாமல். குளத்தில எல்லாம் ஒண்டாத்தானே இறங்குது?"

"ஓம் டொக்டர். எல்லாப் பட்டியும்."

இன்பமலர் மேசையில் கிடந்த தாளின் கூட்டுத்தொகையைப் பார்த்தார்.

"எங்கட குளிர்ப்பெட்டியில வீரையடி வெளிக்கெண்டு நூற்றி இருபது ஊசிதான் இருக்கு. அறிக்கையில இருந்த தொகையைப் பாத்துத்தான் போன மாசம் அனுப்பினவை."

றிஷானாவுக்கு நாற்பத்தோராம் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேலி, வேலை என்று இரண்டை மட்டும்தான் அவள் இதுவரை யோசித்திருந்தாள்.

"மிச்சம் எங்க எடுக்கலாம் டொக்டர்?"

"திருகோணமலையில, மாகாணக் கந்தோர்ல. நாலு மணிக்குப் பூட்டிடுவினம். நாளைக்குப் போயா லீவு, பிறகு சனி, ஞாயிறு. இண்டைக்கு விட்டா திங்கள்தான். வாயால சொன்னாத் தரமாட்டினம், கையெழுத்து வச்ச தொகை வேணும்."

பரீனா மை காயாத அந்தத் தாளில் முத்திரை குத்தி றிஷானாவிடம் நீட்டினார். மணி இரண்டேகால்.

"எங்கட வாகனம் முன்னுக்கு நிக்குது," என்றான் ஜெயந்தன். மேசையில் கிடந்த அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான். "இதையும் போட்டுக்கொண்டு போங்க. வாசல்ல ஆரெண்டு கேட்பினம். மற்றதைத் திங்கள் பாப்பம்."

இன்பமலர் பட்டிக்குப் புறப்பட்டார், மஹ்ரூப் அவரோடு. றிஷானா வாகனத்தில் ஏறினாள். கலீல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள்," என்றார், "அங்க ஆரும் எத்தினை எண்டு கேட்டா, எங்கட தொகையச் சத்தமாச் சொல்லுங்க."